பதினோரு வரைபடங்கள்

டிஸ்க்கில் இடமில்லை என்று கம்ப்யூட்டர் சொன்னதும் எனக்கு முதலில் வந்தது கோபம். எப்போதும் அதுதான் முதலில் வரும். யோசனையெல்லாம் அடுத்த பஸ்ஸில் வரும்.

2008 மார்ச் கடைசி. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில், பார்வையில்லாத மாணவர்களுக்காகப் பாடப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்யும் அறை ஒன்றை செபாஸ்தியம்மாள் டீச்சர் நடத்திவந்தார். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற கையோடு ஆரம்பித்தது. ஒரு மைக், சத்தம் உள்ளே வராமலிருக்கச் சுவரெல்லாம் ஒட்டிய முட்டை அட்டைகள், யாரோ கொடுத்த பழைய கம்ப்யூட்டர், அவ்வளவுதான் சொத்து. வாசிக்க ஏழெட்டுப் பேர் வருவார்கள். மாணவர்கள் பென் டிரைவோடு வந்து வாங்கிப் போவார்கள்.

கம்ப்யூட்டர் என் பொறுப்பு. அதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டிருந்தேன். பிழைப்புக்கு நான் யூ.பி.எஸ். ரிப்பேர் செய்கிறவன். ஆனால் ஆல்வின் என்றால் ஊரில் லினக்ஸ் தெரிந்தவன் என்று ஒரு பெயர் உண்டு. திண்டுக்கல்லில் அப்போது லினக்ஸ் தெரிந்தவர்கள் மொத்தம் நான்கு பேர். மற்ற மூன்று பேருக்கும் சரியாகத் தெரியாது என்பது என் அபிப்பிராயம். அவர்களுடைய அபிப்பிராயத்தை நான் கேட்டதில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை, குர்ஷித் பேகம் அக்கா அரைமணி நேரம் மூச்சுப் பிடித்து வாசித்த பாடம் சேவ் ஆகவில்லை. நாற்பது ஜி.பி. டிஸ்க் நிரம்பிவிட்டது. "நாளைக்கு வந்து திரும்ப வாசிக்கிறேன் தம்பி" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். இடத்தைத் தின்றது யார் என்று நான் தேட உட்கார்ந்தேன்.

தேடினேன் என்று சொல்வதுகூடத் தப்பு. வாசிக்கிறவர்களில் யாரோ ஒருவர்தான் காரணம் என்று முதலிலேயே முடிவுகட்டிவிட்டேன். அதனால் பதிவுகள் இருந்த ஃபோல்டருக்குள் மட்டும்தான் பார்த்தேன். ஒருவர் இருமலையும் சேர்த்துப் பதிந்திருந்தார். இன்னொருவர் ஒரே பாடத்தை மூன்று தடவை. எல்லாரையும் மனதுக்குள் ஒரு சுற்று திட்டிக்கொண்டே வந்தபோது கையில் சிக்கியது குர்ஷித் அக்காவின் ஃபோல்டர். 'படங்கள்' என்று பெயர். சுருக்காத பெரிய ஃபைல்களாக ஒன்றேகால் ஜி.பி.

குர்ஷித் அக்கா பேகம்பூரில் தோல் மண்டி வைத்திருப்பவரின் மனைவி. புவியியலில் பட்டம் வாங்கி, அதை இருபது வருடம் பீரோவில் வைத்திருந்தவர். வரலாறு படிக்கிற சிவனம்மாள் என்ற பெண்ணுக்குத் துணைப்பாடமாகப் புவியியல் இருந்ததால், அந்தப் புத்தகத்தை அவர் கேட்டு வாங்கி வாசித்துக்கொண்டிருந்தார். அதில் இருபத்துமூன்று வரைபடங்கள் இருந்தன. மற்றவர்கள் வரைபடம் வந்தால் "இங்கே ஒரு படம் உள்ளது" என்று சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குத் தாவுவார்கள். இவர் தாவவில்லை. ஒவ்வொரு படத்தையும் பத்து நிமிடம், பதினைந்து நிமிடம் என்று வாயாலேயே சொல்லிப் பதிந்திருந்தார். திருத்த வேண்டியது பாக்கியிருக்கிறது, அதுவரை சுருக்க வேண்டாம் என்று டீச்சரிடம் சொல்லியும் வைத்திருந்தாராம். அதை நான் கேட்டுக்கொள்ளவில்லை.

இரண்டு நிமிடம் ஓட விட்டுக் கேட்டேன். "காலையில நீ மதுரைக்குப் போற பஸ்ல இடது பக்கம் உக்காந்திருக்கன்னு வச்சுக்க. கன்னத்துல வெயில் அடிக்குதா, அது கெழக்கு" என்று போனது. புத்தகத்தில் மதுரை பஸ்ஸும் இல்லை, கன்னமும் இல்லை. பாட்டும் கூத்துமாக என்ன இது என்று தோன்றியது. அழித்துவிட்டேன். லினக்ஸில் அழித்தால் அழித்ததுதான். குப்பைத் தொட்டியைத் துழாவி எடுக்கிற கதையெல்லாம் நான் வேலை செய்கிற விதத்தில் கிடையாது.

மறுநாள் பதினோரு மணிக்கு அக்கா வந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு செத்த நேரம் திரையையே பார்த்தார்.

"தம்பி, என் படமெல்லாம் எங்க?"

"டிஸ்க்குல இடமில்லக்கா. அழிச்சிட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"இது புத்தகம் வாசிக்கிற ரூமுக்கா. அதுல இல்லாத கதையெல்லாம் நாலு மணி நேரம் பேசி வச்சிருக்கீங்க. ஒருத்தரே இம்புட்டு இடத்தப் பிடிச்சா மத்தவங்க எங்க போவாங்க?"

செபாஸ்தியம்மாள் டீச்சர் "ஆல்வின்" என்று ஒரு சொல் மட்டும் சொன்னார். நாற்பது பிள்ளைகள் இருக்கிற வகுப்பை அடக்கிப் பழகிய குரல். எனக்கு உறைக்கவில்லை.

குர்ஷித் அக்கா சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நானும் பதிலுக்குப் போட்டிருப்பேன். அவர் கண்ணாடியைக் கழற்றி உறையில் வைத்தார். "கேட்டிருக்கலாம் தம்பி" என்றார். பிறகு டீச்சர் பக்கம் திரும்பி, "இன்னும் நாலு பாடம் பாக்கி இருக்கு டீச்சர். வேற யாரையாச்சும் வச்சு முடிச்சிருங்க. அந்தப் புள்ளைக்குப் பரீட்சை வருது" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கிப் போனார்.

அந்தப் பிள்ளை வியாழக்கிழமை வந்தாள். சிவனம்மாளுக்கு எரியோடு. தினமும் பஸ்ஸில் வந்து கல்லூரியில் படித்தாள். படி ஏறும் சத்தத்தைக் கேட்டே அவள் என்று தெரிந்துவிடும், குச்சி ஒரு தட்டு, கால் ஒரு தட்டு. புவியியலில் போன வருடம் ஏழு மார்க்கில் போய்விட்டது. இந்த முறையும் போனால் ஜூனில் பி.எட். சேர முடியாது. வாத்தியார் ஆவது என்பதுதான் அவளுக்கு இருந்த ஒரே திட்டம். அதற்கு மாற்றுத் திட்டம் எதுவும் அவளிடமும் இல்லை, அவள் வீட்டிலும் இல்லை. போன தடவை மார்க் போன இடமும் அவளுக்குத் தெரியும். வரைபடத்தில் குறிக்கும் கேள்விக்குப் பதிலாக அவளுக்கு வாய்மொழியாகக் கேள்வி தருவார்கள். ஆறு எங்கே புறப்பட்டு, எப்படி வளைந்து, எந்த ஊர்களைத் தொட்டு எங்கே சேருகிறது என்று அவள் சொல்லச் சொல்ல, உடன் வரும் ஒரு பிள்ளை எழுதும். அந்தக் கேள்வியில் அவள் ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தாளாம்.

பென் டிரைவை நீட்டினாள். "எண்ணே, பேகம் அக்கா படம் சொல்லி வச்சிருக்காகளாம்ல. அத ஏத்திக் குடுங்க."

"அது இல்லம்மா. இடமில்லன்னு எடுத்துட்டேன். புத்தகத்துல இதுவரைக்கும் வாசிச்சது பூராவும் இருக்கு. அத ஏத்தித் தாரேன்."

"படமும் புத்தகத்துலதானண்ணே இருக்கு?"

யூ.பி.எஸ்.ஸில் ஏதோ பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன். அவளுக்கு அது தெரியாது என்று நினைத்தேன். "என்னண்ணே, பேச்சையே காணோம்" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை வந்து கம்ப்யூட்டரைப் போட்டேன். டிஸ்க்கில் இடமில்லை.

நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். புதன்கிழமைக்குப் பிறகு அந்த அறையில் யாரும் வாசிக்கவில்லை. மைக் மேல் துணி மூடியபடி இருந்தது. நான் காலி செய்த ஒன்றேகால் ஜி.பி. ஆளில்லாத அறையில் காணாமல் போயிருந்தது. இனி திட்டுவதற்கு ஆளும் இல்லை. வேறு வழியில்லாமல், முதல் நாளே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். டிஸ்க்கின் ஒவ்வொரு மூலையிலும் எவ்வளவு இருக்கிறது என்று மேலிருந்து கீழே கணக்கெடுத்துக்கொண்டே இறங்கினேன்.

பதிவுகள் எல்லாம் சேர்ந்தே பதினைந்து ஜி.பி.தான். யாரும் எட்டிப் பார்க்காத ஒரு ஃபோல்டருக்குள் பதினாலு ஜி.பி. உட்கார்ந்திருந்தது. உள்ளே பதினோரு பெரிய தொகுப்புகள். பெயரைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. அவை என்னுடையவை.

இரண்டு வருடம் முன்னால் இந்தக் கம்ப்யூட்டர் பதிவின் நடுவில் உறைந்து உறைந்து நின்றது. கம்ப்யூட்டரின் அடிமட்டத்தில் இருந்துகொண்டு மற்ற எல்லாவற்றையும் மேய்க்கும் நிரலுக்குக் கெர்னல் என்று பெயர். அது விழுந்தால், விழுந்த இடத்தை வெறும் எண்ணாகத்தான் சொல்லும். அந்த எண் எந்த இடம், அங்கே என்ன வேலை நடந்துகொண்டிருந்தது என்று பெயர் சொல்லிக் காட்டுவதற்குத் தனியாக ஒரு ஃபைல் உண்டு. டிபக் சிம்பல் ஃபைல் என்பார்கள். கெர்னலுக்கான வரைபடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் உதவி கேட்டபோது, எங்கோ வெளிநாட்டில் இருந்த ஒருவர் அதைப் போடச் சொன்னார். போட்டேன். விழுந்த இடம் தெரிந்தது. சவுண்ட் கார்டு சம்பந்தப்பட்ட கோளாறு, அடுத்த வெளியீட்டில் சரிசெய்துவிட்டார்கள். என் பெயரையும் நன்றி என்று ஒரு வரியில் போட்டார்கள். அந்த வரியை நான் எத்தனை பேரிடம் காட்டியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

காட்டின நேரத்தில் அந்த ஃபைலை எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. அதோடு, புதுக் கெர்னல் வரும்போதெல்லாம் அதற்கான வரைபடமும் தானாக வந்து சேர வேண்டும், பழையது எதையும் எடுக்கக் கூடாது என்றும் எழுதி வைத்திருந்தேன். இருக்கட்டுமே, என்ன இப்போ என்று. எங்கள் இணைய இணைப்பில் பகலில் இறக்கினால் பில் எகிறும், விடியற்காலை இரண்டிலிருந்து எட்டு மணி வரைதான் இலவசம். அதனால் அப்டேட் வேலையை அந்த நேரத்துக்குத் திட்டமிட்டுப் போட்டிருந்தேன். முடிந்ததும் கம்ப்யூட்டர் தானே அணைந்துவிடும். இந்த ஏற்பாட்டிலும் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் அதனால் எது வந்தது, எது சேர்ந்தது என்று யாரும் கண்ணால் பார்த்ததே இல்லை. வெள்ளி விடியற்காலையில் பதினோராவது வந்து இறங்கி, குர்ஷித் அக்காவின் படங்கள் இருந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு கெர்னலுக்கான வரைபடம் அடுத்த கெர்னலுக்கு உதவாது. ஓடிக்கொண்டிருந்தது ஒரே ஒரு கெர்னல். மற்ற பத்தும் இனி ஓடப்போகாதவற்றின் வரைபடங்கள். எங்கள் பதிவுக் கணக்கில் பதினாலு ஜி.பி. என்றால் ஐந்நூறு மணி நேர வாசிப்பு. நாலு மணி நேரம் பேசினார் என்று ஒரு அம்மாவை நான் கேள்வி கேட்டேன். மெஷினுக்குப் பதினோரு வரைபடம் சேர்த்து வைத்தவன், சிவனம்மாளுக்கு இருந்ததை அழித்துவிட்டேன். வெட்கமாக இருந்தது. காது மடல் வரைக்கும் சுட்டது.

பத்தை அழித்தேன். பதினோராவதை வைத்துக்கொள்ளலாமா என்று கை தயங்கியது, அந்த நன்றி வரி ஞாபகம் வந்தது. அதையும் அழித்தேன். தானாக வரவைக்கும் ஏற்பாட்டையும் நீக்கினேன்.

டீச்சர் வந்ததும் மறைக்காமல் சொன்னேன். "நீங்க செத்த வந்து அக்காகிட்ட எடுத்துச் சொன்னா..." என்று இழுத்தேன்.

"நான் வரமாட்டேன் அப்பு. அழிக்கறப்ப என்னயக் கூப்பிட்டியா?" என்றார்.

பேகம்பூருக்கு ஸ்கூட்டரை எடுத்தேன். குர்ஷித் அக்கா வாசலிலேயே இருந்தார். உள்ளே வரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். நான் தண்ணீரைக் குடிக்காமல் பேச்சை ஆரம்பித்தேன். கெர்னல், சிம்பல், பதினோரு ஃபைல் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"ஒண்ணுக்கு மேல எதுக்குத் தம்பி பதினொண்ணு?"

"இருக்கட்டும்னு வச்சேன்க்கா."

"பாக்கறதுக்கு எடுத்தீங்களா, எப்பவாச்சும்?"

"ரெண்டு வருஷமா தொறக்கவே இல்ல."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். நானும் சிரிக்கலாமா என்று தெரியாமல் விழித்தேன்.

"தப்பு என்மேலதான்க்கா. மன்னிச்சிருங்க. உங்க மேல பழியப் போட்டேன். அந்தப் புள்ளைக்காகவாச்சும் வாங்க."

"அவளுக்காக வருவேன். அத நீங்க சொல்ல வேணாம்," என்றார். சிரிப்பு நின்றிருந்தது. "பரீட்சைக்குப் பத்து நாள் இருக்கு. நாலு பாடமும் வாசிச்சு, இருபத்திமூணு படமும் திரும்பச் சொல்லணும்னா என் தொண்டை தாங்காது. நான் பாடத்த வாசிக்கிறேன். படம் நீங்க சொல்லுங்க."

"நானா? எனக்கு அதெல்லாம் வராதுக்கா. நான் மைக்குக்கு அந்தப் பக்கம் உக்காந்ததே இல்ல."

"அழிச்சது நீங்கதான தம்பி," என்றார். தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்தேன்.

சனிக்கிழமை காலை குர்ஷித் அக்கா பாடம் வாசித்தார். சாயங்காலம் மைக் முன்னால் நான். கடையை மூன்று மணிக்கே சாத்திவிட்டு வந்திருந்தேன். சோதித்துப் பார்க்க சிவனம்மாளைப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தார் அக்கா.

"படத்தின் வடமேற்கு மூலையில் நீலகிரி மலை உள்ளது," என்று ஆரம்பித்தேன்.

"எண்ணே," என்றாள் சிவனம்மாள். "மூலைன்னா எது? என்கிட்டருந்து சொல்லுங்க. எனக்கு இடது கையா, வலது கையா? தூரமா, கிட்டவா?"

அழித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். இரண்டாவது தடவை, "இந்தா இங்க வருது பாரு" என்று சொல்லி விரலைப் படத்தில் வைத்தேன். டீச்சரோடு சேர்த்து அறையில் இருந்த மூன்று பெண்களும் சிரித்தார்கள். மூன்றாவது தடவை எனக்குக் கோபம் வந்தது, யார்மேல் காட்டுவது என்று தெரியாமல் அதுவாகப் போய்விட்டது. அன்று முதல் படம் முடிய ஒன்றரை மணி நேரம் ஆனது. பதிந்து மிஞ்சியது எட்டு நிமிடம்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்த கையோடு வந்து உட்கார்ந்தேன். குர்ஷித் அக்காவின் வழி மெல்லப் பிடிபட்டது. சிவனம்மாளுக்குத் தெரிந்த இடத்திலிருந்து புறப்பட வேண்டும். எரியோட்டிலிருந்து பஸ் எந்தப் பக்கம் திரும்புகிறது, எங்கே ஏற்றம், எங்கே காற்று குளிர்கிறது என்று அவளைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கன்னிவாடிப் பக்கம் போனால் மலை எந்தத் தோளுக்கு நேரே நிற்கும் என்பது எனக்கே அப்போதுதான் யோசனையில் வந்தது. நிலக்கோட்டை பூ வாசம் எங்கே தொடங்குகிறது என்று அவள்தான் எனக்குச் சொன்னாள். முப்பத்தைந்து வருடமாக இந்த ஊரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், பார்த்த லட்சணம் இப்படி.

அந்த வாரம் கரண்ட் தினமும் போனது. என் யூ.பி.எஸ். ஒன்றை மாட்டினேன், அது நின்றால் இன்னொன்று. சிவனம்மாள் மேசையை ஒரு நோட்டுப் புத்தகம் போல ஆக்கிக்கொண்டாள். நான் சொல்லச் சொல்ல அதன்மேல் விரலால் கோடு இழுப்பாள். குர்ஷித் அக்கா புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, விரலையும் படத்தையும் மாறி மாறிப் பார்ப்பார். விரல் தப்பாகப் போனால் அவளைத் திருத்த மாட்டார். என்னைப் பார்ப்பார். நான் சொன்னதைத் திருத்துவேன்.

வைகைக்கு வந்தபோது புதன்கிழமை. "வருசநாட்டு மலையில ஒன் வயித்துக்குக் கிட்ட, இடது கைப் பக்கம் பொறக்குது," என்று தொடங்கினேன். "மொதல்ல ஒன்னவிட்டுத் தள்ளி, மேல வடக்க பாத்துப் போகுது. அணைக்கட்டு தாண்டுனதும் மனசு மாறி வலது கைப் பக்கமா, கீழ சாய்ஞ்சு வருது. சோழவந்தான். மதுரை. மானாமதுரை. பரமக்குடி." அவள் விரல் மேசையில் ஏறியது, வளைந்தது, இறங்கியது. மேசை விளிம்பை நெருங்கியபோது, "இதுக்கு மேல கடலாண்ணே?" என்றாள். நான் குர்ஷித் அக்காவைப் பார்த்தேன். அவர் புத்தகத்தை மூடியிருந்தார். படம் தேவைப்படவில்லை என்று அப்போது புரிந்தது. நான் சொன்ன "ஆமா, கடல்தான்" என்பது பதிவில் கொஞ்சம் கரகரப்பாகத்தான் இருக்கும்.

வெள்ளிக்கிழமை இருபத்துமூன்றாவது படம் முடிந்தது. குர்ஷித் அக்காவின் நாலாவது பாடமும் முடிந்தது. எல்லாவற்றையும் பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவள் காதிலிருந்து அதை எடுக்கவே இல்லையாம்.

திங்கட்கிழமை பரீட்சை. எனக்கு அந்தப் பக்கம் ஒரு யூ.பி.எஸ். வேலை இருப்பதாக நானே சொல்லிக்கொண்டு கல்லூரி வாசலுக்குப் போனேன். அங்கே குர்ஷித் அக்கா ஏற்கெனவே ஆட்டோவில் வந்து, மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. ஒரு மணிக்கு மேல் பிள்ளைகள் வெளியே வர ஆரம்பித்தார்கள். எல்லாரும் போன பிறகு, குச்சியைத் தட்டிக்கொண்டு அவள் வந்தாள்.

"புள்ள, எப்புடி எழுதுன?" என்றார் அக்கா.

"அக்கா, நீங்களும் வந்திருக்கீகளா?" பரீட்சை நன்றாகப் போனது குரலிலேயே தெரிந்தது. "பெரிய கேள்வி எல்லாத்துக்கும் சொன்னேன். படத்துக்குப் பதிலா தாமிரபரணி கேட்டிருந்தாக. சொல்லிக்கிட்டே போறேன், எழுதுற புள்ள பேனாவ நிப்பாட்டிருச்சு. எனக்குப் பகீர்னு ஆயிருச்சு, தப்பாச் சொல்லிட்டமோன்னு."

"என்னாச்சு?" என்றேன்.

"அந்தப் புள்ள மெதுவாக் கேக்குது, 'அக்கா, நீங்க இத நேர்ல பாத்திருக்கீங்களா'ன்னு."

"நீ என்ன சொன்ன?"

"ஆமா, பாத்திருக்கேன்னேன்." அவள் முகத்தை என் குரல் வந்த பக்கம் திருப்பினாள். "பொய்யாண்ணே அது?"

குர்ஷித் அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "இல்லம்மா," என்றேன்.